ஒரு சாண் மேலே மிதந்த படகு

— கயித்தை அப்புறம் அவுக்கலாம், முதல்ல டீயைக் குடிடா. வெயிலுக்கு முதுகைக் காட்டி இப்படிக் கரையைப் பாத்து உக்காரு. ஒரு வருஷம் போகப்போற படகு, ஒரு டீக்குக் காத்திருக்காதா?

— காத்திருக்கும்க்கா. என்கிட்ட இருக்கறதுலயே பொறுமையான ஜென்மம் அதுதான். எங்களுக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து காத்துக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா, எங்களை விட்டுட்டு அதுவே கிளம்பியிருக்கும்.

— கிளம்பியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

— வழியனுப்ப வந்த வாயா இது? உன் தம்பி பொண்டாட்டி இருந்திருந்தா இந்நேரம் உன் வாய்க்குப் பூட்டுப் போட்டிருப்பா.

— அவ இருந்திருந்தா நான் இங்க வந்து உக்காந்திருக்கவே மாட்டேன். ரெண்டும் ஒழிஞ்சுதுங்கன்னு நிம்மதியா வேலைக்குப் போயிருப்பேன்.

— ஆத்தோட போயி, முகத்துவாரம் தாண்டி, கடலோரமாவே சுத்தி, அடுத்த வருஷம் இதே துறைக்கு வரணும். வழியெல்லாம் அவ போட்டதுதான். அவ கேப்டன், நான் எஞ்சினுக்கு எண்ணெய் விடற ஆளு.

— அவ செத்து இன்னும் வருஷம் திரும்பலடா.

— அதனாலதான்க்கா. பிளான் போட்டவ இல்லேன்னா பிளானாவது போகட்டுமே. வீட்டுல என்ன இருக்கு? தினமும் காலையில அவ செருப்புக்கு வணக்கம் சொல்றேன். அது பதிலே சொல்றதில்ல. மரியாதை தெரியாத செருப்பு.

— சரி, சாமான் எல்லாம் ஏத்திட்டியா?

— ஏத்தாம? தண்ணி, டீசல், அரிசி, உள்ள கால் வைக்க இடமில்ல. நான் படுக்கணும்னா அரிசி மூட்டைகிட்ட அனுமதி கேக்கணும்.

— நான் என்ன வேலைடா பாக்கறேன்?

— படகுப் பட்டறையில பெயிண்ட் அடிக்கறே. உன் மேல அடிக்கற டர்பன்டைன் வாசனையில என் டீயே கெட்டுப்போச்சு.

— இந்தப் படகுக்கு அடிச்சது யாரு?

— நீதான். பச்சை வேண்டாம்னு அவ சொல்ல, நீ பச்சையே அடிக்க, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாம நான் நடுவுல தபால்காரனா அலைஞ்சேன்.

— பச்சைக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேனே, அது எதுக்கு?

— அழகுக்கு. இரு, பாத்துச் சொல்றேன்.

— திரும்பாத. என்னைப் பாத்துப் பேசு. ஒரு வருஷச் சுமைக்கு இந்தப் படகு எவ்வளவு அமுங்கும்னு அவளும் நானும் மணல் மூட்டை அடுக்கிப் பாத்துப் போட்ட கோடு அது. சாமான் முழுசா ஏறினா தண்ணி அந்தக் கோட்டைத் தொடணும். காலையில நான் வந்து நிக்கறப்ப, கோடு ஒரு சாண் மேல காய்ஞ்சு கிடக்குது.

— ஆறு இன்னைக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கோ என்னவோ.

— நீ டீ வாங்கப் போனப்ப உள்ள ஏறிப் பாத்தேன். தண்ணித் தொட்டியைத் தட்டினா காலி டப்பா மாதிரி சத்தம் போடுது. டீசல் முகத்துவாரம் வரைக்கும் போகும், திரும்பி வராது. அரிசி ஒரு மணி கூட இல்ல. படுக்கை மேல அவ சால்வை மடிச்சு வச்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. இதுக்கும் ஒரு ஜோக் சொல்லு.

— ஜோக் ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன்க்கா. சிக்க மாட்டேங்குது.

— சிக்க வேண்டாம். நிஜத்தைச் சொல்லு.

— முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஆழம் அதிகம்னு அவ சொல்லுவா. அது வரைக்கும் போனா போதும். நீங்க எல்லாரும் நான் ஊர் சுத்தறேன்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க. ஒரு வருஷத்துக்கு யாரும் அழ வேண்டாம் பாரு. உனக்கு அந்தச் சலுகையாவது குடுக்கலாம்னு நினைச்சேன்.

— பெரிய தர்மப்பிரபு.

— கோவிச்சுக்காதக்கா. தினமும் கை தானா ரெண்டு பேருக்குச் சமைச்சுடுது. என் பங்கைச் சாப்பிட்டுடறேன். அவ பங்கைக் கொட்டறப்பதான் முடியல.

— கொட்டாத. நான் வந்து தின்னுக்கறேன்.

— இப்படியெல்லாம் பேசினா நான் கிளம்ப முடியாதுக்கா. டீ ஆச்சு. எந்திரி, கயித்தை அவுக்கறேன். என்னக்கா இது, கோட்டைக் காணோம்? பச்சையில பாதி வரைக்கும் தண்ணி நிக்குது.

— தெரியும்.

— படகு முங்குதுக்கா. எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு. கையை விடு, நான் உள்ள இறங்கி அடைக்கறேன்.

— புதுசா ஓட்டை விழலடா, படகோட அடியில தண்ணி வடிய விடற துளையை அடைச்சிருந்த தக்கையை, நீ டீ வாங்கப் போனப்ப நான்தான் பிடுங்கி ஆத்துல எறிஞ்சேன். அவகிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டேன். உன்கிட்ட கேக்க மாட்டேன். உக்காரு, அது முழுசா முங்கற வரைக்கும் என் பக்கத்துல உயிரோட உக்காந்து என்னைத் திட்டு.