நாலு பிள்ளைகளின் விலாசம்

— அதுதான் கௌரி மிஸ், திங்கக்கெழம காலையில லிஸ்ட் பொலிசுக்குப் போயாகணுமாம். எங்க கார்மென்ட்ல வேல செய்யிற தமிழ் ஆளுங்க பேரு, அடையாள அட்டை நம்பரு, தங்கியிருக்கிற எடம். டிரெக்டர் என்கிட்ட தள்ளிவிட்டுட்டாரு.

— மெல்லக் கதையுங்கோ சின்னராசா அண்ணை. அடுத்த வகுப்புக்கு ஆக்கள் வந்து நிக்கினம். எத்தினை பேர்?

— முப்பத்தோரு பேரு. இருவத்தேழு பேருகிட்ட கொழும்புல தங்க பொலிஸ்ல பதிஞ்ச துண்டு இருக்கு. நாலு புள்ளைங்ககிட்ட இல்ல. மூணு வவுனியா, ஒன்னு எங்க பசறைப் பக்கம். கிராண்ட்பாஸ்ல அவங்க தங்கியிருந்த போர்டிங்காரம்மா பதியவே மாட்டேன்னுட்டா. பதிஞ்சா வீட்ட செக் பண்ண வருவாங்கன்னு பயம்.

— பதிவில்லாட்டில் கொண்டுபோயிடுவினம்.

— போன மாசம் பக்கத்து ஃபேக்டரில ஒரு புள்ளைய அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரல. அங்க உள்ள மேனேஜரும் என்ன மாதிரிதான். கேட்டாங்க, குடுத்தேங்கிறாரு.

— நீங்கள் என்ன செய்யப் போறியள்?

— சொல்றேன். மொதல்ல ஒன்னு கேக்குறேன். மேனேஜர் கையெழுத்துப் போட முந்தி, அதால அடிபடப்போற ஆளுங்க பேர ஒரு தாள்ல எழுதிப் பாக்கணும்னு நீங்கதான பாடம் எடுத்தீங்க? எழுதிப் பாத்தேன் மிஸ். நாலும் எம் மக வயசு.

— அண்ணை, அது டிப்ளோமாப் பாடம். சோதினைக்கு எழுதுறது.

— பரீட்சைக்கா? அம்பது வயசுல சனிக்கெழம சனிக்கெழம வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி வாரேன். சர்டிபிகேட்ட சுவத்துல மாட்டவா? ஒங்கள நம்பித்தான் படிச்சேன்.

— எனக்கு விளங்காமல் இல்லை. அவசரகாலச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. கொம்பனி மாட்டுப்பட்டால் முந்நூறு பேருக்கு வேலை இல்லை. அதையும் எழுதிப் பாத்தனீங்களோ?

— பாத்தேன். நேத்துத்தான் முடிவு எடுத்தேன். நாலு பேரும் போன மாசமே வேலய விட்டு நின்னுட்டதா லெட்டர் அடிச்சு ஃபைல்ல போட்டுட்டேன். இருவத்தேழு பேருதான் லிஸ்ட்ல போகும். பொய்னு தெரிஞ்சா என் வேல போயிரும். போகட்டும்.

— பிள்ளையள் இப்ப எங்கை?

— எங்க வீட்டுல, கொட்டாஞ்சேனையில. எம் பொஞ்சாதி பாக்கியலெட்சுமி மொதல்ல நல்லா ஏசுனா. பொறவு அவளே பாய விரிச்சா. ஒத்த ரூமு, மூச்சு முட்டுது. ரெண்டு பேர ஒங்க வீட்டுல ஒரு வாரம் வச்சுக்குவீங்களான்னு கேக்கத்தான் நின்னேன்.

— கடவுளே.

— முடியாட்டி வேணாம் மிஸ். பயம் எல்லாருக்கும் உள்ளதுதான். நான் சமாளிச்சுக்கிறேன்.

— அண்ணை, வீட்டை ஓடுங்கோ. அவையை இப்பவே வேற எங்கையும் அனுப்புங்கோ.

— எதுக்கு? நான் முப்பது வருசமா கொழும்புல இருக்கவன், ஒழுங்கா பதிஞ்ச ஆளு. என் வீட்டுக்கு எவன் வரப்போறான்?

— செவ்வாய்க்கிழமை இஞ்சையும் பொலிஸ் வந்தது. தமிழில படிக்கிற ஆக்கள் எல்லாற்றை விலாசமும் கேட்டவை, சனிக்கிழமை பின்னேரம், இண்டைக்குத்தான், கொட்டாஞ்சேனையில வீடு வீடாத் தேடுதல் துவங்கிறம் எண்டவை. நான் ஒரு தாளிலும் எழுதிப் பாக்கேல்லை அண்ணை, கேட்ட உடனை உங்கடையையும் எழுதிக் குடுத்திட்டன்.