இடுப்பு வலி மாத்திரை

— இன்னும் ஒரு மடக்கு, லெசியெலி. இளநீதான். குடிச்சுத் தொலையேன்!

— வேணாம் அண்ணி. குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். போனா உயிரு போகுது.

— என்னது? உங்க அண்ணன்கிட்ட இடுப்பு வலின்னுதானே சொன்ன?

— பொய்தான் அண்ணி.

— அப்ப எரியுதா?

— நெருப்பா எரியுது. மரப்பட்டைத் துணி தட்டுறப்ப நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து ஓடினேன். வயித்துப் பிள்ளை உதைக்குதுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நேத்து ரத்தமா வந்துச்சு.

— அடிப்பாவி! இந்தக் குளிர்காய்ச்சல், வாந்தி எல்லாம் அதான். கிட்னிக்கு ஏறிடுச்சு. என் புருஷன் அலமாரி நிறைய மருந்து வச்சிருக்காரேடி!

— தீவுக்கே அவரு ஒருத்தர்தான் நர்ஸு. என் கூடப்பொறந்தவரு. வயசுக்கு வந்த நாள்ல இருந்து அவரு தூங்குற கூரைக்கு அடியில நான் தூங்கினதில்ல. டோங்காவுல எந்தப் பொண்ணு அண்ணன்கிட்டப் போயி இதைப் பேசுவா?

— என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?

— நீங்க அவருகிட்டச் சொல்லுவீங்க.

— சொல்லுவேன்தான்! மானம் பெருசா, பிள்ளை பெருசா?

— அண்ணி, பிள்ளை காலையில இருந்து அசையல.

— ஆண்டவரே!

— சேலா!

— இந்தா, உங்க அண்ணனே வந்துட்டாரு. உள்ள வரமாட்டாரு, வாசலோட சரி. என்னங்க?

— காத்து அடங்கல. வவாவூ தீவு ஆஸ்பத்திரிக்குப் போக, படகுக்காரன் படகு எடுக்க மாட்டேங்கறான். ஊசி மருந்தும் தீந்துபோச்சு. தங்கச்சிக்குக் காய்ச்சல் இறங்குச்சா?

— இல்லங்க. வாயில வச்சதெல்லாம் வெளிய வருது. கேளுங்க, இது இடுப்பு வலியே இல்ல...

— ஐயோ அண்ணி, உங்க கால்ல விழறேன், சொல்லாதீங்க!

— என் பிள்ளைங்களுக்கு அத்தை நீ, நம்ம வழக்கத்துல எங்க எல்லாருக்கும் மேல. நீ என் கால்ல விழறதா? சும்மா கிட.

— சேலா, அவகிட்ட ஒண்ணு கேளு. போன வாரம் ரெண்டு பொட்டலம் மாத்திரை குடுத்தனுப்பினேனே, முழுசா முழுங்கினாளா? முழுங்கியிருந்தா இப்படி ஆகியிருக்காது.

— கேக்குறாருடி.

— காதுல விழுந்துச்சு. இல்லைன்னு சொல்லுங்க. எனக்குத்தான் இடுப்பே வலிக்கலையே. பொய் வலிக்கு எதுக்கு மாத்திரைன்னு மாமியாருக்குக் குடுத்துட்டேன். பாவம், அவங்களுக்கு நெசமாவே இடுப்பு வலி.

— முழுங்கலையாங்க. மாமியாருக்குக் குடுத்துட்டாளாம். என்னங்க? ஏன் அப்படியே உக்காந்துட்டீங்க?

— அவ நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து ஓடுறதைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு சேலா. தங்கச்சிகிட்ட எந்த வாயால கேக்குறது? நான் குடுத்தது எரிச்சலுக்கான மருந்துதான். பொட்டலத்து மேல மட்டும் இடுப்பு வலின்னு எழுதினேன்.