சுதாகரன் சுவரை இடித்தது பற்றியும் என் மகளின் ஹெட்செட் பற்றியும்

பெயர்: வேலாயுதம் கணேசமூர்த்தி. வயது: 52. தொழில்: ஆசிரியர். நிரந்தர முகவரி: நீண்ட லயம், மேற்பிரிவு, ஆனைமேட்டுத் தோட்டம், பொகவந்தலாவை. மண்சரிவுக்குப் பின் மகளுடன் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு நான் கேட்டேன். எனக்குச் சிங்களம் பேசவும் எழுதவும் நன்றாகத் தெரியும், தெரியாததால் கேட்கவில்லை. கொன்ஸ்டபிள் நிரஞ்சன் நான் சொல்வதைத் தமிழில் எழுதுகிறார்.

அறைகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் எனக்கும் என் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சுதாகரனுக்கும் இடையிலுள்ள சுவரை, முன்விரோதம் காரணமாக அவர் இரும்பு அலவாங்கால் இடித்துச் சேதப்படுத்தினார் என்று தோட்ட நிர்வாகம் முறைப்பாடு செய்ததால் அவர் இங்கே காவலில் இருக்கிறார். முன்விரோதத்துக்குச் சான்றாக, அவருக்கு எதிராக நான் முன்பு இதே பொலிஸ் நிலையத்தில் கொடுத்த முறைப்பாடுகளைக் காட்டியிருக்கிறார்கள். குற்றம் உறுதியானால் அவருக்குத் தோட்டத்தில் வேலையும் போகும், காம்பராவும் போகும் என்று அறிகிறேன். அந்தச் சுவர் எப்படி, எதற்காக இடிக்கப்பட்டது என்பதைச் சொல்லவே நானாக இங்கு வந்தேன்.

முதலில் முன்விரோதம் பற்றிச் சொல்கிறேன். அது உண்டு. என் மனைவி ஜெயந்தினி இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நான் வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற்ற பின்னரும் அவள் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. தோட்டத்தில் தனி வீடுகள் கட்டித் தரும் திட்டம் வந்தபோது அவள் நோயில் படுத்திருந்தாள். அப்போது தொழிற்சங்கத் தலைவராக இருந்த சுதாகரன் கூட்டத்தில் எழுந்து, "மாஸ்டருக்குச் சம்பளம் இருக்கு, பென்சன் வரும். இன்னைக்கு மலைக்குப் போற கைக்குத்தான் மொதல்ல வீடு" என்று சொன்னார். எங்கள் பெயர் விடப்பட்டது. என் மனைவி அதே காம்பராவில் இறந்தாள். அந்த வீடுகளும் இன்று வரை கூரையில்லாமல் நிற்கின்றன. ஆடுகள் ஏறி நிற்கின்றன. அது பற்றியும் இங்கே முறைப்பாடு கொடுத்தேன். அதன் பின்னர் நான் சுதாகரனுடன் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. மேலே இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டுமென்றால் யாரும் முன் திண்ணையான இஸ்தோப்புக்குப் போவதில்லை, சுவரைத் தட்டுவார்கள். என் மனைவியும் சுதாகரனின் மனைவி மீனம்மாவும் அப்படித்தான் தட்டித் தட்டிப் பேசிக்கொள்வார்கள். உப்பும் கருவேப்பிலையும் சுவருக்கு மேலாகத்தான் போய்வரும். என் மனைவி இறந்த பின்னர் நான் அந்த இடைவெளியைத் தகரம் அடித்து மூடினேன். முன்கதவுக்கு உள்பக்கமாக ஒரு இரும்புப் பட்டையும் போட்டேன். நான் வீட்டில் இல்லாதபோது பட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும், யார் தட்டினாலும் திறக்கக்கூடாது என்று என் மகள் சுலக்ஷனாவிடம் சொல்லியிருந்தேன். அவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

ஹெட்செட் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். தாய் இறந்த பின்னர் என் மகள் அதிகம் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மடிக்கணினியில் ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு அவளுக்குப் பழக்கமானது. அதில் யார் எந்தப் பக்கம் போக வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று சொல்வது அவளுடைய வேலை. ஆனால் அவளிடம் இருந்தது ஒரு பழைய இயர்போன். லயத்தின் சத்தமெல்லாம் அதன் மைக்குக்குள் போனது. மாத்தளையிலிருந்து ஆடும் ஒரு பையன், "அக்கா, ஒங்க வீட்டுல என்னா ஆட்டுச் சந்தையா நடக்குது?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் லயத்துப் பெண்களோ, "மாஸ்டர் பொண்ணு யாரையோ சுடுசுடுன்னு சொல்லுதே" என்று குழாயடியில் சிரித்தார்கள். அவள் மைக்கை மூடிவிட்டு ஊமையாக ஆடத் தொடங்கினாள். அதனால் ஹெட்செட் வாங்க நான் அவளை அட்டன் நகருக்கு அழைத்துப் போனேன்.

அங்கே கடை வைத்திருக்கும் திலக்ஷன் என்னிடம் படித்தவன். படிக்கும் காலத்தில் ஒரு கட்டுரையும் முடித்துத் தந்ததில்லை. பின்பக்கம் சல்லடை போல் துளையுள்ள ஒன்றை முதலில் எடுத்து வைத்தான். பிறகு, "சேர், வீட்டுக்கா லயத்துக்கா?" என்று கேட்டான். லயத்துக்கு என்றேன். "அப்ப இது சரிவராது சேர். இதுல உள்ள சத்தம் வெளிய போகும், வெளிச் சத்தம் உள்ள வரும். லயத்துக்குன்னா பின்பக்கம் மூடினதுதான்" என்று சொல்லி வேறு சிலவற்றை எடுத்தான். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி.

மகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அவள் கண்ணாடி அணிபவள். ஒன்று கண்ணாடிக் காம்பைக் காதோடு அழுத்தியது. ஒன்றின் தோல் உறை எங்கள் குளிருக்கு விறைத்துப் போகும் என்று திலக்ஷனே சொன்னான். கடைசியில் துணி உறையுள்ள, காதை முழுதாகச் சுற்றி மூடுகிற கறுப்பு நிறமான ஒன்று. மைக் ஒரு தண்டில் இருந்தது. மேலே தூக்கினால் ஓய்ந்துவிடும், கீழே இறக்கினால் வேலை செய்யும். "தங்கச்சி, பாட்ட மெதுவா போட்டுக்கங்க. சேர், நீங்க வாசல்ல நின்னு கூப்பிட்டுப் பாருங்க. திரும்பினா வேற காட்டுறேன்" என்றான்.

நான் வாசலில் நின்று சுலக்ஷனா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அதன் பின்னர் பாப்பா என்று கூப்பிட்டேன். அது அவளுடைய தாய் கூப்பிடும் பெயர். நான் அதை நெடுநாளாகச் சொன்னதில்லை. அவளுக்குக் கேட்காது என்பதால் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். திலக்ஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணாடி அலமாரியைத் துடைத்தான். அதையே வாங்கினோம்.

அன்று முதல் என் மகள் பேசினாள். அவள் உள்ளே ஆடும்போது நான் இஸ்தோப்பில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். குழுவில் மற்றவர்கள் சொல்வது எனக்குக் கேட்காது. அவள் சொல்வது மட்டும் கேட்கும். "நில்லு, நில்லு, நா சொல்றப்போ வா" என்பாள். "பயப்புடாத, நா பின்னால இருக்கேன்" என்பாள். சிரிப்பாள். அவள் தாயின் சிரிப்பு அது. நான் திருத்தாமல் அப்படியே இருப்பேன். நான் அங்கே இருப்பது அவளுக்குக் கேட்பதில்லை. அவள் ஆடுவதையெல்லாம் பின்னர் பார்த்துத் தவறு திருத்துவதற்காகக் கணினியில் பதிவு செய்வாள். விசையை அழுத்திப் பேசினால்தான் குழுவினருக்குக் கேட்கும். ஆனால் மைக்கில் விழும் சத்தம் எல்லாம் பதிவில் இருக்கும். இது பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

சம்பவ தினம் நான் பாடசாலையில் இருந்தேன். விடாத மழை. மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தது, ஆனால் எங்களுக்கு அது ஒவ்வொரு மழைக்கும் வரும். பிற்பகலில் லயத்துக்குப் பின்னாலுள்ள வடிகானில் தண்ணீர் திடீரென்று நின்று, பின்னர் செம்மண்ணாக வந்ததை மீனம்மா கண்டு கூச்சலிட்டதாகவும், லயத்தார் கையில் கிடைத்த பிள்ளைகளையும் பொருளையும் எடுத்துக்கொண்டு விளையாட்டுத் திடலுக்கு ஓடியதாகவும் அறிகிறேன். அங்கே எண்ணிப் பார்த்தபோது என் மகள் இல்லை. சுதாகரன் திரும்பி ஓடியிருக்கிறார். அவள் தொலைபேசியிலிருந்துதான் கணினிக்கு இணையம் எடுப்பாள். ஆட்டத்தின் நடுவே அறுந்துவிடும் என்பதற்காக அழைப்புகள் வராதபடி வைத்திருந்தாள். கதவில் நான் போட்ட பட்டை. சுவருக்கு மேலே நான் அடித்த தகரம்.

என் மகள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி இருந்திருக்கிறாள். சுவர் அதிர்வது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பக்கம் மீனம்மாவின் உரல் இருக்கிறது, தூள் இடிக்கும் நாளெல்லாம் அந்தச் சுவர் அதிரும். அன்றும் மிளகாய் இடிக்கிறார்கள் என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

அதன் பின்னர் சுவர் உடைந்து, அலவாங்கும் ஒரு கையும் உள்ளே வந்து அவள் தலையிலிருந்து ஹெட்செட்டை இழுத்தன. மைக்கின் தண்டு முறிந்தது. என் மகள் பயத்தில் பக்கத்திலிருந்த தேநீர்க் கேத்தலால் அந்தக் கையை அடித்தாள். சுதாகரனின் மணிக்கட்டில் இருக்கும் காயம் அதுதான், நான் அடித்ததல்ல. "அடி பாப்பா, அடிச்சுக்கிட்டே வெளிய வா" என்று அவர் சொன்னதாக மகள் சொல்கிறாள். ஓட்டையால் அவளை இழுத்தெடுத்து, அவர் காம்பரா வழியாகத் திடலுக்குக் கூட்டிப் போனார். அவள் கணினியை விடவில்லை, ஹெட்செட் வயரில் தொங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் திடலை அடைந்த சற்று நேரத்தில் மண்சரிவு இறங்கி எங்கள் குசினியை உடைத்து, மகள் இருந்த கதிரையை மூடும் அளவுக்குக் காம்பராவுக்குள் வந்தது. அந்தக் கதிரையை மறுநாள் நான் பார்த்தேன். அதன் முதுகுப் பலகையின் மேல் விளிம்பு மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது.

லயம் சேதமானது மண்ணால் அல்ல, சுதாகரனின் அலவாங்கால் என்று நிர்வாகம் சொல்வதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மண்ணால் என்றால் எங்களுக்கு வேறு இடம் தர வேண்டும்.

கேள்வி: அவர் விரோதத்தில் இடிக்கவில்லை என்று உமக்கு எப்படித் தெரியும்? நீர் அங்கே இருக்கவில்லையே?

பதில்: நான் கேட்டேன். அன்று மாலை பாடசாலை மண்டபத்தில் லயத்தார் எல்லோரும் பாய் விரித்து இருந்தார்கள். பிள்ளைகள் அழுதன, பாத்திரங்கள் உருண்டன. சுதாகரன் மறுகோடியில் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு இருந்தார். நான் அவரிடம் போகவில்லை. அலவாங்கோடு என் வீட்டுக்குள் வந்தவன் என்றுதான் அப்போதும் என் மனதில் இருந்தது. மகள் கணினியைத் திறந்து அன்றைய பதிவைப் போட்டு, ஹெட்செட்டை என் காதில் மாட்டினாள். நான் அதைப் போட்டது அதுதான் முதல் தடவை. மண்டபத்துச் சத்தம் நின்றுவிட்டது. மழை கேட்டது. மகள் குழுவோடு பேசுவது கேட்டது. அதன் பின்னால் சுவரில் தட்டும் சத்தம், என் மனைவி இருந்த காலத்தில் கேட்ட அதே சத்தம். பின்னர் சுதாகரனின் குரல். "மாஸ்டர் பொண்ணு! பாப்பா! கதவத் தெறம்மா, மண்ணு எறங்குது! நா சுதாகரன் மாமாதான், பயப்புடாத!" திரும்பத் திரும்ப அதுதான். கதவில் உதைக்கும் சத்தம். பின்னர் மீனம்மா அழுதுகொண்டு, "ஒங்க கால்ல உழறேன், வாங்க போயிருவோம்" என்கிறார். அதற்குச் சுதாகரன், "ஜெயந்தினி புள்ள உள்ள சிரிச்சிக்கிட்டு இருக்குடி. விட்டுட்டுப் போனா மாஸ்டர் மூஞ்சியில நா எப்புடி முழிப்பேன்? நீ ஓடு" என்கிறார். அதன் பின்னர் அலவாங்கு சுவரில் விழும் சத்தம்.

பதிவு அத்தோடு நிற்கவில்லை, ஆனால் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஹெட்செட்டையும் கழற்றவில்லை. மகள் என்னைப் பலமுறை அப்பா என்று கூப்பிட்டதாகப் பிறகு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

கேள்வி: முறிந்த ஹெட்செட்டுக்கு நட்டஈடு கோருகிறீரா?

பதில்: இல்லை. முறிந்த தண்டை மறுநாள் சுதாகரனே கறுப்பு டேப்பால் சுற்றிக் கொடுத்துவிட்டார். மைக் வேலை செய்கிறது. இப்போது மகள் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு ஆடுகிறாள். மற்றக் காதைத் திறந்து வைத்திருக்கிறாள். அது சரியான முறையல்ல என்று திலக்ஷன் சொல்லக்கூடும்.

கேள்வி: சுதாகரனுக்கு எதிரான உம்முடைய முந்தைய முறைப்பாடுகளை வாபஸ் பெறுகிறீரா?

பதில்: வீடு பற்றியதை வாபஸ் பெற மாட்டேன். அது உண்மை. அவர் அன்று கூட்டத்தில் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. அது வேறு, இது வேறு. இந்தச் சுவரைப் பொறுத்தவரை, நான் அங்கே இருந்திருந்தால் நானே இடித்திருப்பேன். என் கையில் அவ்வளவு பலம் இருந்திருக்காது.

பதிவின் பிரதியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதைக் கேட்கும் அதிகாரி வெளியில் ஒலிக்கவிடாமல், பின்பக்கம் மூடிய ஹெட்செட்டில் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அதில் என் மகள் சிரிக்கும் இடமும் இருக்கிறது.

சுதாகரனை இன்று விடுவிப்பீர்களானால், அவரைக் கூட்டிக்கொண்டு போக நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். மாலை பஸ்ஸில் இருவரும் ஒன்றாகப் போவோம். வழியில் நாங்கள் பேசுவோமா என்று எனக்குத் தெரியாது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் என் சொல் அல்லாதது எதுவுமில்லை. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே உண்மையாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வே. கணேசமூர்த்தி