ஜாக்கியில் எடுத்த அளவு

"சார், போன எடுக்க மாட்டேன்றீங்க. எந்தப் பள்ளத்துலயும் வண்டிய எறக்கிடாதீங்க!"

ஐயப்பன்தாங்கல் பேருந்தில், முன்சீட்டுக்காரர் கைபேசியில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் சாலையில் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

பக்கத்தில் இருந்த நண்பர் பதறினார். "இன்னாச்சு மச்சான்?"

"அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு நாம செஞ்சு மாட்டுன மட்கார்டு கீதே, பள்ளத்துல எறங்குனா டயரக் கிழிச்சிரும் மாமே."

"அளந்துதான செஞ்சே?"

"ஜாக்கில தூக்கி வச்சிகினு அளந்துட்டேன். அப்ப டயரு கீழ தொங்கும்ல? எறக்குனா மேல ஏறி மட்கார்டுகிட்ட வந்துரும். வண்டிய தரையில எறக்கி அளக்கவே இல்ல."

"இப்ப எங்க கீறாரு?"

"இதே ரோட்லதான், நமக்கு முன்னால."

பேருந்து ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்தோம்.

முன்சீட்டுக்காரரின் கைபேசி அடித்தது.

"எடு மச்சான்."

"நீ எடு மாமே."