இவால்டோவுக்கு நான் சொன்ன அளவு

நல்ல விளக்கெண்ணெய்க்கு அநேகமாக வாசனையே இருக்காது. வாசனை அடித்தால் சரக்கு பழசு என்று அர்த்தம். என் மருந்துக்கடையில் பழைய சரக்கு வைத்துக்கொண்டதில்லை. ஃபெர்ராரா பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பாதிரியார் வீடு வரைக்கும் எல்லோரும் என்னிடம்தான் வாங்குவார்கள், டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாசிசக் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் என்னைத் தேடி வந்ததற்கும் அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

நீங்கள் வயதில் சின்னவர். துப்பாக்கியோடு மலையிலிருந்து இறங்கி வந்து, ஜெர்மானியர்களை விரட்டிவிட்டு, இன்று எங்கள் நகர மன்றத்தில் மேசை போட்டு விசாரிக்கிறீர்கள். அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. முதல் யுத்தத்துக்குப் போன ஆண்கள் திரும்பி வந்தபோது ஊரில் வேலை இல்லை. கூலிக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். சங்கம் சம்மதிக்காமல் ஒரு வயலிலும் அரிவாள் இறங்காது. கோதுமை நின்றபடியே உதிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்கு வேண்டும் என்று நான் மட்டுமா நினைத்தேன்? ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் இவால்டோ மன்தோவானி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய பித்தளைக் குழல் ஊதுவான். அந்த வருஷம் மட்டும் ஊதுவதை விட்டிருந்தான். சாயங்காலங்களில் நானும் அவனும் சீட்டாடுவோம். எங்களுக்குள் பகை கிடையாது. அவன் மனைவி ஆர்ஜியா தையல் வேலை செய்வாள். மாதம் ஒருமுறை கடைக்கு வந்து வீட்டுக்கான மருந்தை வாங்கிப் போவாள். பச்சைத் துணியால் கூந்தலைக் கட்டியிருப்பாள். காதோரம் ஒரு கொத்து முடி மட்டும் அந்தக் கட்டுக்குள் அடங்காது. இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு எங்கள் ஊரில் தலைவன் டால்மோ, பெரிய பண்ணைக்காரரின் மகன். ஒருநாள் நாலைந்து பேரோடு கடைக்குள் வந்தான்.

"டாக்டரே, இருக்கிற விளக்கெண்ணெய் எல்லாத்தையும் எடுத்து வைங்க."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"நாட்டுக்கு," என்றான். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் கடையை உடைத்து எடுத்திருப்பார்கள். எதிர்த்தவர்களுக்கு ஊற்றி, பேதியில் ஊர் சிரிக்க வைப்பதுதான் அவர்கள் திட்டம். முதல் தடவை தபால்காரரைப் பிடித்துக் கட்டி, வாயைப் பிளந்து ஊற்றினார்கள். அளவு தெரியாது, கூடவே பெட்ரோலையும் கலந்துவிட்டார்கள். மனுஷர் பிழைத்ததே பெரிது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. டால்மோவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"ஊத்தறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதை ஒழுங்கா செய்யக் கூடாதா? ஆளோட வயசு, உடம்பு எல்லாம் பார்த்து எவ்வளவுன்னு நான் சொல்றேன்."

"பார்த்தீங்களாடா, படிச்சவங்கன்னா இதான்," என்று டால்மோ என் தோளில் தட்டினான்.

அதன் பிறகு பிடித்தவர்களை என் கடை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். ஒல்லியான செருப்புக்காரருக்கு அரை டம்ளர். கிழவர்களுக்கு அதிலும் பாதி. அவர்களைக் காப்பாற்றியது நான்தான் என்றுகூடச் சொல்லலாம். சிலர் இன்றைக்கும் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். பழைய அவமானம், பார்த்தவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இவால்டோவைக் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்த நேரம். சவரக்கடை நாற்காலியில் வைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். ஒரே இரைச்சல். நானும் ஏதோ சொன்னேன்.

"இந்த மாட்டுக்கு எவ்வளவு டாக்டரே?" என்றான் டால்மோ.

"ஒரு லிட்டர்," என்றேன். உடம்பு பெரிசில்லையா.

இவால்டோ கெஞ்சவில்லை. பாதி இறங்கிய பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "சர்க்கரை போட மறந்துட்டீங்களே, டாக்டர்," என்றான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு அவனைக் கழுதை வண்டியில் ஏற்றி, பேதியான அந்தக் கோலத்திலேயே தெருத்தெருவாகச் சுற்றினார்கள். செவ்வாய்க்கிழமை செத்துப்போனான். அந்த மாதக் கடைசியில் எங்கள் ஆட்கள் ரோமாபுரிக்குப் போய் ஆட்சியைப் பிடித்தார்கள். ஊர் கொண்டாட்டத்தில் இருந்தது. அவனைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஆர்ஜியா தனியாகிவிட்டாள். சங்கக் கட்டடத்தை எரித்துவிட்டார்கள். தையல் வேலை கொடுக்கவும் ஆளில்லை. செத்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியுமே, அவள் வீட்டுக்குத் துணி அனுப்பினால் மேலிடத்தில் என்ன நினைப்பார்களோ என்று ஒன்றிரண்டு வீடுகளில் நானே எச்சரிக்க வேண்டியிருந்தது. அவர்கள் நன்மைக்காகத்தான் சொன்னேன். குளிர்காலத்தில் அவளுக்கு மாவும் விறகும் அனுப்பி வைத்தேன். முதலில் திருப்பி அனுப்பினாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் கல்யாணம். மாதா கோயிலில் எளிமையாக நடந்தது. டால்மோ சாட்சிக் கையெழுத்துப் போட வந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

கட்சி என்னை நகரத் தலைவராக நியமித்தது. சதுப்பு நிலத்தை வற்றடித்தோம், மலேரியா குறைந்தது. நாட்டின் தலைவரின் பேச்சைக் கேட்கச் சதுக்கத்தில் ஒலிபெருக்கி வைத்தேன். நல்ல காலம்தான். ஊர்ப் பையன்களைச் சண்டைக்கு ஆப்பிரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்பிய பிறகுதான் எல்லாம் கெட்டது. தலைவரை இறக்கிவிட்டார்கள் என்று நாற்பத்து மூன்று ஜூலையில் வானொலி சொன்னபோது, ஜனங்கள் இந்தக் கட்டடத்தின் முகப்பிலிருந்த கட்சிச் சின்னத்தை உடைக்க ஓடி வந்தார்கள். ஏணி கொடுத்தவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள். டால்மோ அவர்கள் பக்கம் சேர்ந்து புதுச் சீருடையில் வந்தான். உங்கள் தோழர்களை அவன் விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டபோது நான் பதவியில் இல்லை. கடையில்தான் இருந்தேன்.

போன வாரம் உங்கள் ஆட்கள் ஊருக்குள் நுழைந்த அன்று மத்தியானம், டால்மோ என் கடையின் பின்வாசலுக்கு வந்தான். யாரோ ஒரு குடியானவனின் கோட்டைப் போட்டிருந்தான். தொடையில் குண்டு பாய்ந்திருந்தது. சரக்கு அறையில் படுக்க வைத்தேன்.

"ஒரு வண்டி ஏற்பாடு பண்ணுங்க டாக்டரே. சுவிஸ் எல்லை வரைக்கும் போதும்."

"என்னால முடியாது. தெருவெல்லாம் அவங்கதான் நிக்கறாங்க."

"முடியும். நான் மாட்டினா தனியா மாட்ட மாட்டேன்." வலியிலும் சிரித்தான். "இவால்டோ அன்னிக்கு என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா? 'என் நெஞ்சு பலவீனம், நீங்கதானே டாக்டர் மருந்து தர்றீங்க, இவங்ககிட்ட சொல்லுங்க'ன்னான். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். விட்டுடலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. எங்களுக்கு அவனைச் சாகடிக்கணும்னு இல்ல, சிரிக்கணும், அவ்வளவுதான். நீங்கதான் 'பொய் சொல்றான், குதிரை மாதிரி இருக்கான், ஒரு லிட்டர் குடுங்க'ன்னீங்க."

"சத்தம் போடாதே."

"ஏன், மேல இருக்காளா?"

வலிக்கு மருந்து கேட்டான். கொடுத்தேன். அதில் வேறொன்றும் கலந்திருந்தது. முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுத் தூங்கினான், எழுந்திருக்கவில்லை. இதை நான் ஒளிக்கவில்லையே. டால்மோவைத் தீர்த்தவன் என்று உங்கள் ஆட்களே என்னைச் சதுக்கத்தில் தோளில் தூக்கினார்கள். பெண்கள் ஜன்னலிலிருந்து பூத் தூவினார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது, சரக்கு அறையிலிருந்து எங்கள் மாடி வீட்டுக்கு ஏறும் படியில் ஒரு சூப் கிண்ணத்தைப் பார்த்தேன். ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்திருந்தது. ஒளிந்திருக்கிறவன் யாராயிருந்தாலும் பசிக்குமே என்று கொண்டுவந்திருக்கிறாள். பாதிப் படியில் நின்று டால்மோ சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் சாப்பிடும்போதுதான் பேசினாள்.

"அவர் உங்ககிட்ட கேட்டாரா?"

"யாரு?"

"இவால்டோ."

"கூட்டத்துல எத்தனையோ பேர் கத்தினாங்க, ஆர்ஜியா."

"அந்த மருந்தை வாங்க மாசாமாசம் நான்தானே வந்தேன். 'பார்த்துக் குடும்மா, ஒரு சொட்டு கூடினாலும் அவன் நெஞ்சு தாங்காது'ன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லி அனுப்பினீங்க."

"நான் சொல்லியிருந்தாலும் அவங்க விட்டிருக்க மாட்டாங்க."

"சொல்லிப் பார்த்திருக்கலாமே," என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

சரி, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அவன் நெஞ்சின் நிலைமை எனக்குத் தெரியும். ஒரு லிட்டர் அவனை என்ன செய்யும் என்பதும் தெரியும். அவன் என்னிடம் கேட்டது காதில் தெளிவாகவே விழுந்தது. பூசைக்கு வந்த ஆர்ஜியா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அந்த ஒரு கணம் நான் அவளைத்தான் பார்த்தேன். பிறகு அளவைச் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவனோடு இருந்திருந்தால் அவள் வாழ்க்கை என்னவாகியிருக்கும்? சிறைச்சாலை வாசலிலேயே கழிந்திருக்கும். என் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

என்மேல் புகார் கொடுத்தவள் அவள்தான் என்கிறீர்கள். இருக்கலாம். அதிர்ச்சியில் பெண்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். அவளை உங்களைவிட எனக்குத் தெரியும். அதோ, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். துக்க வீட்டுக்குப் போகிறவள் போலக் கறுப்பு உடுத்தியிருக்கிறாள். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. உங்கள் காவலாளி தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் காத்திருக்கிறாள்.