சுவரைப் பார்த்து உட்காருங்க

— அந்தக் கம்ப்யூட்டரை என் பெட்டியோட சேர்க்காதீங்க. அது உங்களோடது.

— சேர்க்கல. ஆன்தான் பண்ணேன்.

— எதுக்கு இப்ப?

— நீ கிளம்புற கார் அஞ்சு மணிக்குத்தானே? இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு...

— பார்க்க வேணாம். நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன்.

— இங்க வாயேன். நம்ம கிரக ஆட்டம் அப்படியே கிடக்கு. டர்ன் இருநூத்திப் பன்னெண்டு. யாரோட டர்ன்னு பாரு... சிவப்பு. நீதான்.

— நாலு வருஷமா என் டர்னா?

— 'டர்ன் முடிஞ்சுது'ன்னு நீ அமுக்குற வரைக்கும் அங்க ஒரு தூசி நகராது. அதனாலதானே உனக்குப் பிடிச்சுது? லேப்ல எல்லாம் அவசரம், ரத்தம் உறைஞ்சிடும், டாக்டர் கத்துவார்... இங்க மட்டும் வானமே எனக்காகக் கைகட்டி நிக்குதுன்னு சொல்லுவ.

— நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்ல வேணாம்.

— ஒரே ஒரு டர்ன்.

— ஒரே ஒரு டர்ன், ஒரே ஒரு டர்ன்னுதான் அடுப்புல வெச்ச பாத்திரத்தை மூணு தடவை கருக விட்டோம்.

— நாலு தடவை.

— மூணு! ...தள்ளுங்க. சுவரைப் பார்த்து உட்காருங்க.

— இன்னைக்குமா?

— என்னைக்கும் சட்டம் சட்டம்தான். ஒருத்தர் ஆடினா இன்னொருத்தருக்கு சுவர்.

— சரிம்மா, திரும்பிட்டேன். இங்க பெயிண்ட் உரிஞ்சிருக்கு.

— நீங்க பார்த்துப் பார்த்தே உரிஞ்சது.

— ஹஹ்...

— சிரிக்காதீங்க. நான் சிரிக்கல.

— ஆட்டத்துல மட்டும் என்னை 'டா' போட்டுக் கூப்பிடுவ. அதைக் கேக்கவே எத்தனை தடவை வேணும்னே தோத்திருக்கேன் தெரியுமா?

— அந்தப் பேச்செல்லாம் இனிமே கிடையாது.

— ...மௌஸ் சத்தமே கேக்கலையே. என்ன பண்ற?

— சும்மா பார்க்கிறேன். வெறும் புள்ளி புள்ளியா இருக்கு. இதுக்கா அப்படிக் கிடந்தோம்? தூரத்துக் கிரகத்துக்கு ஒரு கப்பல் போய்ச் சேர ஒன்பது டர்ன்... அந்த ஒன்பதும் முடியுற வரைக்கும் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

— என் பக்கம் எப்படி இருக்கு?

— கிரகத்துக்கெல்லாம் முதல் மாடி, ரெண்டாம் மாடி, மொட்டை மாடின்னு பேரு. லிஃப்ட் மெக்கானிக்குக்கு வானத்துலயும் மாடிதான்.

— நீ மட்டும் என்னவாம்? விஷவாயு கிரகத்துக்கு எங்க சித்தி பேரு.

— பேரு மட்டும்தான் நான் வெச்சேன். மனுஷங்க வாழ முடியாதுன்னு சொன்னது கம்ப்யூட்டர்... இதோ, என் பவளம் கிரகம். இன்னும் காலியாத்தான் கிடக்கு. பன்னெண்டு லட்சம் பேர் இருந்தாங்க இதுல.

— விளையாட்டுதானே... சாப்பாடு பத்தலேன்னா அப்படித்தான்...

— சாப்பாட்டுக் கப்பல் தயாரா நின்னுச்சு. அனுப்புறதுக்குள்ள அக்கா போன் பண்ணினா, எழுந்து வெளிய போனேன். திரும்பி வந்து பார்த்தா உங்க டர்ன் ஓடுது. பவளம் பட்டினியில செத்துப்போச்சு. நான்தான் மறந்துபோய் அமுக்கிட்டேன்னு ரெண்டு நாள் என்னையே திட்டிக்கிட்டேன். 'விடும்மா, கை தவறுறது சகஜம்'னு ஆறுதல் வேற சொன்னீங்க.

— ...எப்பத்துலேருந்து தெரியும்?

— சந்தேகம் மூணாம் நாளே வந்துச்சு. அதான் அப்புறம் ஆடவே உட்காரல. உறுதியானது போன மாசம்.

— போன மாசமா? நாம இதைத் திறக்கவே இல்லையே.

— இதைத் திறந்து பார்த்தாதான் உங்களைத் தெரியணுமா? எங்க லேப் மேடம் கூப்பிட்டு, 'புது லேபுக்கு இன்சார்ஜா போகச் சொன்னோமே, ஏன் வேண்டாம்னுட்ட?'ன்னு கேக்குறாங்க. நான் திருதிருன்னு முழிக்கிறேன். நான் குளிச்சிக்கிட்டு இருந்தப்ப என் போனை எடுத்தது யாரு? என்ன சொன்னீங்க? என்கிட்ட வேணாம், அந்த சுவர்கிட்டயாவது சொல்லுங்க.

— ...'அவளுக்கு விருப்பம் இல்ல'ன்னு சொன்னேன்.

— அன்னைக்கு பவளத்துல என் டர்னை அமுக்கின அதே கை! என் டர்னை நீ ஆடிட்ட!

— இப்ப 'நீ'ன்னு சொன்ன.

— சொன்னேன். என்ன இப்ப?

— ஒண்ணுமில்ல... பயந்துட்டேன். வேற ஊரு. உனக்கு அங்க பெரிய வேலை. நான் பின்னாடியே வந்து எந்த லிஃப்டுக்கு எண்ணெய் போடுறது?

— பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில போகாமக்கூட இருந்திருப்பேன். ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும். அதுக்குத்தான் வயிறு எரியுது.

— ...கார் வர்ற நேரம்.

— வந்தா நிக்கட்டும்.

— திரும்பட்டுமா?

— இன்னும் அமுக்கல. இது என்னது... பவளத்துக்கு மேல பச்சைக் கப்பல்? ஒண்ணு ரெண்டு... பதினாலு! 'பச்சை அணி ஆட்களும் உணவும் அனுப்பியிருக்கிறது. இறங்க அனுமதிக்கலாமா?'ன்னு கேக்குது.

— அப்பவே பக்கத்துக் கிரகத்துலேருந்து அனுப்பினது. உன் அடுத்த டர்ன்ல நீ பார்ப்பன்னு நெனச்சேன். நீதான் அப்புறம் உட்காரவே இல்லையே.

— நாலு வருஷமா அந்தரத்துலயே நிக்குதா? ஒரு மன்னிப்பு கேக்கறதுக்குப் பதினாலு கப்பலா? ஏன், வாய்ல என்ன கொழுக்கட்டையா?

— இப்ப திறக்கிறேன். கீழ இன்னொண்ணு திறந்து வெச்சிருக்கேன் பாரு, ஆட்டத்துக்குப் பக்கத்துல. உங்க மேடத்துக்கு ஒரு லெட்டர்.

— ஐயோ! மறுபடியுமா? என்னைக் கேக்காம...

— அனுப்பல! சத்தியமா அனுப்பல. காலையில எழுதினேன். அன்னைக்கு வேண்டாம்னது நீ இல்ல, நான்தான்னு மட்டும் எழுதியிருக்கேன். இதைக் காட்டத்தான் ஆன் பண்ணேன், ஆட்டம் ஒரு சாக்கு. அந்த இடம் இன்னும் காலியா இருக்கான்னுகூட விசாரிக்கல. விசாரிச்சா அதுவும் உன் டர்னை ஆடின மாதிரிதான்... படிச்சிட்டியா?

— மூணு வரிக்குள்ள நாலு மன்னிப்பு.

— தப்பா இருந்தா அழிச்சிடுறேன்.

— கையை எடுங்க. சுவர்!

— சரி, சரி... ரெண்டு தடவை அமுக்கின சத்தம் கேட்டுச்சே. எதை அமுக்கின?

— ஒண்ணு லெட்டர். போயிடுச்சு.

— இன்னொண்ணு? வேணாம், சொல்ல வேணாம். மணி அஞ்சேகால். கார் இன்னும் வரலையே. நான் வேணா போன் பண்ணி... இல்ல. பண்ணல. நீயே கேளு.

— கேக்க ஒண்ணுமில்ல. நான் கார் சொல்லவே இல்ல... பதினாலு கப்பலும் இறங்கிடுச்சு. திரும்புடா, உன் டர்ன்.