சாமி மாடத்துப் பென்டிரைவ்

“ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, சொல்லு பெரிம்மா... இல்ல, இன்னும் ஆரம்பிக்கல. நாலு மணிக்குத்தான் பரீட்சை... சாப்ட்டேன்... ம், சாப்ட்டேன் பெரிம்மா.”

சாப்பிடவில்லை. காலையிலிருந்து எழில் ஒரு வாய் சோறு தொடவில்லை. பார்க்கிறவர்கள் பரீட்சைப் பயம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று அவளும் விட்டிருந்தாள். லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கத் தெரியும் என்று சான்றிதழ் கொடுக்கிற முதல்படிப் பரீட்சை அது. பாஸானால் சென்னையில் ஒரு வேலை கிடைக்க வழியிருந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது, பக்கத்தில் போன் கூடாது. லேப்டாப் கேமரா வழியாக எங்கிருந்தோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இத்தனை விதிகளையும் வரி விடாமல் படித்தவள், தேதி போடும்போது கேலண்டரை மட்டும் பார்க்கவில்லை. கிரிவலப் பாதையை ஒட்டி வீட்டை வைத்துக்கொண்டு, பௌர்ணமியன்று பரீட்சைக்குத் தேதி வாங்கிய ஒரே அடி அண்ணாமலைக்காரி இவளாகத்தான் இருக்க வேண்டும்.

“இல்ல, இங்க ஒண்ணும் தொந்தரவு இல்ல. ஜன்னல இப்பத்தான் சாத்தினேன், சத்தம் கம்மியாத்தான்... என்னா? ... ம். ... பாட்ட நிறுத்திட்டியா? அதான பாத்தேன்... ஏன் பெரிம்மா?”

ஏன் என்று கேட்டாளே தவிர, ஏன் என்பது அவளுக்குத் தெரியும். பதினோரு மணியிலிருந்து ஜன்னல் வழியாக ஒவ்வொரு பாட்டையும் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாட்டு முடிந்ததும் தெரிந்துவிடும், அடுத்தது முடிந்ததும் தெரிந்துவிடும் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.

“பெரிப்பா வாய்ஸு வரலயா... பாட்டு மட்டும் வருதா... ஆமா... ஆமா, பெரிம்மா...”

அப்பாசாமி பெரியப்பா செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவருடைய அன்னதானப் பந்தலுக்கு ஜனங்களை அவரேதான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாசம் தொண்டை கட்டிப்போய், இனிமேல் மணிக்கணக்காகக் கத்த முடியாதென்று அவர் பேசிப் பென்டிரைவில் பதிவு செய்து வைத்த குரல் அது. நடந்து வருகிற சாமிகளை உட்காரச் சொல்வார். சாம்பார் சாதம் சூடாக இருப்பதைச் சொல்வார். தொன்னையைக் கண்ட இடத்தில் வீசாமல் டிரம்மில் போடச் சொல்வார். கடைசியில், மைக் செட் காசியைப் பார்த்து, சவுண்டைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வார். அது பதிவில் வர வேண்டிய பேச்சே இல்லை, நிறுத்த மறந்ததில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெட்டிவிடட்டுமா என்று காசி கேட்டபோது பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இப்போதும் அந்தக் கடைசி வரி வரும்போது சரோஜா பெரியம்மா குண்டானில் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு நிற்பாள். மற்ற நாட்களில் அந்தப் பென்டிரைவ் பெரியம்மா வீட்டுச் சாமி மாடத்தில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மஞ்சள் குங்குமம் வைக்காததுதான் பாக்கி.

“காசிண்ணா என்னா சொல்றாரு? ... தொடவே இல்லன்றாரா... ம். ... பாட்டு வரிசை வேற மாறிக் கெடக்குதா... ஆமா பெரிம்மா, யாராவது மாத்தினாத்தான் மாறும்... என்னா? தானாவா? இல்ல பெரிம்மா, பென்டிரைவுல இருக்கறது தானா அழியாது. யாராவது அழிச்சாத்தான்...”

வாயிலிருந்து வந்த பிறகுதான் எழிலுக்கு உறைத்தது. பெரியம்மா சந்தேகம் கேட்கவில்லை, சாட்சி கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்த பெண் சொல்லிவிட்டால் அந்தப் பந்தலில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இத்தனை மாசம் ராப்பகலாகப் படித்த படிப்பு முதன்முதலில் உபயோகப்பட்டது ஒரு மனுஷனை மாட்டிவிடத்தான்.

“பெரிம்மா... பெரிம்மா, இரு, அவர ஒண்ணும் சொல்லாத... புதுப்பாட்டு ஏத்தறதுக்கா? இல்ல பெரிம்மா, அவரு அப்படிப் பண்ற ஆளு இல்ல... மைக்குலயா? மைக்குலயா திட்டின? எல்லாரு முன்னாடியும்? ... ஐயோ... ம். ... ஒயரச் சுத்தச் சொல்லிட்டியா?”

முதல் பந்தல் போட்ட வருஷத்திலிருந்து காசிதான் மைக் செட். பெரியப்பா செத்தபோது சாவுக்கு வந்த கூட்டத்தில் முதலில் அழுததும் அவர்தான். அவரை வரிசையில் நின்ற வெளியூர் ஜனங்கள் முன்னால் திருடனை நிறுத்துவதுபோல நிறுத்தியாயிற்று. எழில் எழுந்து கதவைப் பார்த்தாள், பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள். பந்தல் இரண்டு தெரு தள்ளித்தான். போனால் திரும்பி வரலாம். ஆனால் போனால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து எதை எழுதுவது?

“பெரிம்மா, நான் சொல்றதக் கேளு. பரீட்சை முடிஞ்சதும் நேரா அங்க வரேன். நானே பாக்கறேன். அது வரைக்கும் காசிண்ணாவ உக்கார வெய்யி. டீ வாங்கிக் குடு... ஆறு மணிக்குள்ள வந்துடுவேன், சத்தியமா... என்னா? ... யாரு? அவரா? ... கற்பூரமா?”

 சத்தியம் என்று அவள் சும்மா வாயால் சொன்னாள். அங்கே அந்த மனுஷன் நிஜமாகவே சத்தியம் பண்ணக் கிளம்பிவிட்டார். பந்தலில் மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்வது. அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு தீர்ப்பு கிடையாது. பொய்ச் சத்தியம் என்றால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மெய்ச் சத்தியமானாலும், அந்த நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களை ஊர் லேசில் மறக்காது.

“வேணாம் பெரிம்மா. அடிக்க வேணாம்னு சொல்லு... ஏத்திட்டாரா? ... பெரிம்மா, அவரு கையப் புடி. புடி பெரிம்மா. அவரு இல்ல... எனக்குத் தெரியும்... ஏன்னா நான்தான்.”

பெரியம்மா என்னவென்று மறுபடி கேட்டாள்.

“நான்தான் பெரிம்மா. அத்த அழிச்சது நான்.”

போனில் பாதையில் போகிறவர்களின் இரைச்சலும், எங்கேயோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுவதும் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“சாமி மாடத்துலேர்ந்து நான்தான் எடுத்தேன். நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்த. என் பென்டிரைவு கெட்டுப்போச்சு. லினக்ஸ் ஏத்திப் பழகறதுக்கு ஒண்ணு வேணும்னு... உன்னக் கேட்டா குடுக்க மாட்டன்னு கேக்கல... இல்ல, தெரியும், பெரிப்பா வாய்ஸு அதுல இருக்குதுன்னு தெரியும். லினக்ஸ் ஏத்தினா அதுல இருக்கறது அழிஞ்சிடும்னு, காப்பி எடுத்து வெச்சிட்டுத்தான் பண்ணேன். வெச்ச எடம் தப்பாப்போச்சு பெரிம்மா.”

வைத்தது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தில். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அந்த இடம் தன்னைத் தானே கழுவித் துடைத்துக்கொள்ளும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அதைப் பாடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பாடம் தள்ளி. எழில் அந்தப் பாடத்தைப் படித்தது மறுநாள் காலையில். படித்ததும் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு நெட்டில் தேடித் தேடி அதே பாட்டுகளை இறக்கி, பென்டிரைவை நிரப்பி, பெரியம்மா இல்லாத நேரம் பார்த்து, எடுத்த இடத்திலேயே திருநீறு கலையாமல் வைத்துவிட்டு வந்தாள். தப்பு செய்ததைவிட அந்தத் திருநீறு கலையாமல் வைத்ததுதான் அவளை இத்தனை நாளும் தின்றுகொண்டிருந்தது.

“வராது பெரிம்மா... இல்ல, தேடிட்டேன். எல்லாத்தயும் பண்ணிப் பாத்துட்டேன்... யாராலயும் முடியாது... ஆமா. ... ஆமா. ... சொல்லியிருக்கணும். ... பயம். உன்னப் பாத்து பயம் இல்ல, நீ ஒண்ணும் சொல்லாம இருந்துடுவியோன்னு பயம்... இன்னும் ஒண்ணு இருக்குது பெரிம்மா. நீ பாட்ட நிறுத்தினப்ப, நல்லதாப்போச்சு, பரீட்சைக்குச் சத்தம் இல்லன்னு ஒரு நிமிஷம் நெனைச்சேன். அத்தயும் சொல்லிடறேன்.”

கேவலமாக இருந்தது அவளுக்கு. மூக்கை உறிஞ்சினால் போனில் கேட்குமே என்று அதையும் அடக்கிக்கொண்டு நின்றாள்.

“ஹலோ? ... பெரிம்மா, லைன்ல இருக்கியா? ... கற்பூரம் என்னா ஆச்சு? ... தானா எரிஞ்சி முடியட்டும்... ம். ... என்னா? ... போனயா? மைக்குகிட்டயா? ... இப்பவா? ... பெரிம்மா, பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கணக்கு நேராகத்தான் இருந்தது. திட்டியது மைக்கில். அப்படியானால் திருத்துவதும் மைக்கில்தான். தன் வாயால் ஒருத்தரை ஊர் முன்னால் கெடுத்துவிட்டு, போனுக்குள் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால் அது எந்த நியாயத்தில் சேரும்?

“சரி. ... சரி பெரிம்மா, சொல்றேன். போன மைக்கு மேல வெய்யி. காசிண்ணாவ பக்கத்துல நிக்கச் சொல்லு.”

எழில் போய் ஜன்னலைத் திறந்தாள். ஒலிபெருக்கி ஒரு தடவை கீச்சென்றது. பிறகு அவளுடைய மூச்சு வெளியே பெரிதாகக் கேட்டது. அவளே திடுக்கிட்டுப் போனாள்.

“காசிண்ணா... நான் எழில் பேசறேன்.”

பேசுகிறேன் என்று ஜன்னல் வழியாக அவள் குரலே கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்தது. அதற்கு வழிவிட்டு வழிவிட்டுப் பேசினாள்.

“பெரிப்பா வாய்ஸ அழிச்சது நீங்க இல்ல. நான். உங்களுக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது. தானா அழியாதுன்னு சொல்லி உங்கள மாட்டிவிட்டதும் நான்தான். என்ன மன்னிச்சிடுங்கண்ணா.”

அத்துடன் முடித்திருக்கலாம். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. வெளியே பாதையில் நடக்கிறவர்களின் சத்தம் சட்டென்று குறைந்ததுபோல் இருந்தது. அந்த ஒலிபெருக்கியில் எப்போதும் எது வருமோ அது அவள் வாயில் தானாக வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்டது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“நடந்து வர்ற சாமிங்களா... காலு வலிக்கும், செத்த உக்காருங்க. சாம்பார் சாதம் சூடா இருக்குது. வேணுங்கிறத மட்டும் வாங்குங்க, வாங்கினத வழியில கொட்டாதீங்க. தொன்னைய...”

ஒலிபெருக்கி அங்கேயே நின்றுவிட்டது.

“ஹலோ... ஹலோ, பெரிம்மா... ஹலோ...”

லைன் அறுந்துபோயிருந்தது. பௌர்ணமியன்று லட்சம் போன் மலையைச் சுற்றும்போது இத்தனை நேரம் நின்றதே பெரிசு. திரும்ப அடித்தாள், போகவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். பெரியம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டாள், காசி நின்றாரா, ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. லேப்டாப்பில் பரீட்சைக்கு ஆயத்தமாகச் சொல்லிப் பச்சை எழுத்து வந்துவிட்டது. போனை அணைத்து அறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினாள்.

அப்போது ஒலிபெருக்கி மறுபடியும் கீச்சென்றது. இத்தனை வருஷப் பந்தலில், இன்று திட்டியதைத் தவிர, மைக்கில் ஒருநாளும் பேசாத சரோஜா பெரியம்மாவின் குரல், மைக்குக்கு மிக அருகில், கரகரவென்று வந்தது.

“தொன்னைய டிரம்முல போடுங்க, சாமிங்களா.”

 பெரியம்மா மூச்சு வாங்குவது தெருவெல்லாம் கேட்டது.

“காசி, சவுண்டு கொஞ்சம் ஏத்துப்பா.”

எழிலின் கை ஜன்னல் கதவிலேயே நின்றது. சவுண்டு ஏறியது.